மெனக்கெடாத இங்கிமாரும் முப்பத்தெட்டுக் குட்டிகளும்

எங்கள் பள்ளத்தாக்கில் இங்கிமாரைப் போல ஒரு சோம்பேறி பிறந்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பதிலுக்குக் கோபப்படவும் அவனுக்குச் சோம்பல். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் வழியே காப்பியை உறிஞ்சிக்கொண்டு, "நீ சொன்னா சரிதான் ரான்வெய்க்" என்பான். ரான்வெய்க் என்பது நான். பக்கத்துப் பண்ணைக்காரி. அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவள், ஆகையால் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு.

அவன் சோம்பலுக்குச் சாட்சி வேண்டுமா? அவன் வளர்த்த நாய்கள் ஐந்து. ஒன்று செத்ததும் அடுத்தது வரும், ஆனால் ஐந்துக்கும் பெயர் ஸ்னாட்டிதான். புதுப் பெயர் யோசிக்க வேண்டுமே! அவனுடைய ஹோல்ட் பண்ணைக் கதவின் கீல் அவன் அப்பா செத்த வருஷம் உடைந்தது. ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டினான். பதினேழு வருஷமாக அந்தக் கயிறுதான் கீல். வைக்கோல் காயப்போடும் நாளில் ஊரே வியர்த்துக் கொட்டும்போது இவன் வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடப்பான். "எழுந்திருடா, மழை வருது" என்று கத்தினால், "வந்தா மறுபடி காயப்போடணும், அதுக்கு மழை வந்து போனப்புறமே ஆரம்பிக்கலாமே" என்பான். இப்படிப் பேசுகிறவனை என்ன செய்ய?

அவன் வாயில் இரண்டு சொற்கள் குடியிருந்தன. 'நென்னி எக்கி.' எங்கள் மொழியில் நென்னா என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஒரு காரியத்துக்கு மனசு வந்து உடம்பை அசைப்பது, மெனக்கெடுவது. ஐஸ்லாந்தில் அது இல்லாமல் ஒரு வீட்டில் ஒரு பொழுது போகாது. 'நென்னி எக்கி' என்றால் மெனக்கெட மனசில்லை என்று அர்த்தம். பாத்திரம் கழுவச் சொன்னால் பிள்ளை சொல்லும், சர்ச்சுக்குக் கூப்பிட்டால் புருஷன் சொல்வான். நாங்களெல்லாம் ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வதை இங்கிமார் சோறாகவே சாப்பிட்டான்.

அந்தச் சொல்லால்தான் அகராதிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 1971ஆம் வருஷம், செப்டம்பர் மாதம். அதற்கு முந்தின குளிர்காலத்தில் வானொலியில், 'நென்னா என்ற சொல்லை உங்கள் ஊரில் எப்படிப் பேசுகிறீர்கள், எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தார்கள். பனியில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவளுக்கு வேறு வேலை என்ன? பதினாலு பக்கம் எழுதி அனுப்பினேன். எல்லா உதாரணமும் இங்கிமார் வாயிலிருந்து வந்தவை. அதைப் படித்துவிட்டு ரெய்க்யாவிக்கிலிருந்து தோர்வார்துர் என்று ஒருவர், பளபளக்கும் நகரத்துச் செருப்புப் போட்டுக்கொண்டு, அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்து இறங்கிவிட்டார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. அகராதி எழுதுகிறவரே தவிர அகராதி பிடித்தவர் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், காப்பிக்கு நன்றி சொன்னார்.

"நாளைக்கு ஆடு பிரிக்கிற நாள், அங்கே அவனைப் பார்க்கலாம். ஆனா ஒண்ணு, அவன் உங்களுக்குப் பேட்டி குடுக்க மெனக்கெட மாட்டான்" என்றேன்.

"அதையே சொல்லட்டும், எழுதிக்கிறேன்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் அவர்தான் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். இந்தச் சொல்லுக்கு வயது ஆயிரத்தைந்நூறுக்கு மேலாம். கோத்தியர் என்று ஒரு கூட்டம் இருந்ததாம், இப்போது இல்லை. அவர்கள் வேதாகமத்தைத் தங்கள் மொழியில் எழுதிக்கொண்டபோது, இயேசுவின் உடலைக் கேட்டு யோசேப்பு பிலாத்துவிடம் போனானே, அந்த இடத்தில் இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்களாம்.

"யோசேப்பு மெனக்கெட்டுப் போனான்னா?" என்றேன்.

"இல்லைங்க. துணிஞ்சு போனான்னு. அப்ப இந்தச் சொல்லுக்குத் துணியிறதுன்னுதான் அர்த்தம். இங்கிலாந்துலயும் பழைய காலத்துல கடல்ல இறங்குறவனுக்கு, சண்டைக்குப் போறவனுக்கு இதைத்தான் சொன்னாங்க. அங்கே செத்துப்போச்சு. ஜெர்மனியிலயும் போச்சு. டேனிஷ்காரங்க இன்னும் வச்சிருக்காங்க. ஒரு நாய்க்குட்டியை அடிக்க மனசு வரலைன்னா அதைச் சொல்வாங்க."

"நம்ம ஊருக்கு வந்து பாத்திரம் கழுவுற அளவுக்கு இறங்கிடுச்சா? வெட்கக்கேடு!"

"துணிச்சல்ல ஆரம்பிச்சு, மனசு வர்றதுக்கு வந்து, அப்புறம் மெனக்கெடுறதுக்கு வந்திருக்கு. ஃபெர்டினாண்டுன்னு பேர் இருக்கு பாருங்க, அதோட வால்ல ஒட்டியிருக்கிறதும் இதே துணிச்சல்தான்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் ஊர் டோர்ஃபியின் கிடாய்க்கு அதுதான் பெயர். இடி இடித்தால் மாட்டுக் கொட்டிலுக்குள் ஓடி ஒளிகிற கிடாய்.

இனி ஹால்பெராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோல்ட்டுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் அவளுடைய பக்கி பண்ணை. அப்பா செத்தபிறகு ஒற்றை ஆளாக அதை ஓட்டினாள். நாற்பத்தொரு வயது, கொடிமரம் போல நிமிர்ந்த முதுகு, வாயைத் திறந்தால் பட்டாசு. இங்கிமாரும் அவளும் புதன்கிழமை சாயங்காலந்தோறும் போனில் சதுரங்கம் ஆடுவார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. ஹோல்ட்டுக்கு ஒரு நீள மணி, இரண்டு குட்டை மணி. மணி அடித்ததும் பன்னிரண்டு வீட்டிலும் சத்தமில்லாமல் போனை எடுப்போம். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. நான் பின்னல் ஊசியோடு உட்கார்ந்துவிடுவேன்.

"குதிரையை எடுத்து ராணிக்கு முன்னாடி வச்சிருக்கேன்" என்பாள் அவள்.

"பார்த்தேன். சமமா முடிச்சுக்கலாமா?"

"நீ ஜெயிக்கப்போற ஆட்டத்தை ஏன்டா சமம்ங்கிற?"

"ஜெயிக்க இன்னும் ஒன்பது தடவை நகர்த்தணும். நென்னி எக்கி."

பதினோரு வருஷம் இப்படியே. 'இந்தப் புதனாவது கல்யாணத்துக்குக் கேட்டுடுவான்' என்று நாங்கள் பன்னிரண்டு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். அவன் கேட்கவில்லை. அகராதிக்காரர் வருவதற்கு முந்தின மார்கழிப் பனியில் ஒரு புதன்கிழமை, சிப்பாய் ஒன்றை நகர்த்திவிட்டு, "வர்ற இலையுதிர் காலத்தோட ஆட்டையெல்லாம் டோர்ஃபிக்குக் குடுத்துட்டு அக்குரெய்ரிக்குப் போறேன். தங்கும் விடுதி ஒண்ணுல சமையல் வேலை" என்றாள் ஹால்பெரா.

நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்: வாயைத் திற, கழுதை! கடைசியில் அவன், "சரி, உன் முறை முடிஞ்சுது, என் முறை" என்றான். போனைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

ஆடு பிரிக்கும் நாள் வெயிலோடு விடிந்தது. ஐந்து நாளாக மலையில் அலைந்து ஆடுகளைத் திரட்டியவர்கள், டோர்ஃபியின் தலைமையில் இறங்கி வந்தார்கள். அந்தத் தலைவனைத்தான் மலைராஜா என்கிறோம். மலையிலிருந்து இறங்கின பிறகும் ஒரு வாரத்துக்கு அவன் ராஜாவாகவே நடப்பான், அது வேறு கதை. நடுவில் வட்டமான கல் பட்டி, அதைச் சுற்றிப் பண்ணைக்கு ஒன்றாக அடைப்புகள். எல்லா ஆட்டையும் வட்டத்துக்குள் விட்டு, காதைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, அவரவர் அடைப்புக்கு இழுத்துப்போக வேண்டும். காதில் வெட்டிய குறி யாருடையதோ ஆடு அவருடையது. வாய்ச்சொல் இங்கே எடுபடாது, குறிதான் பேசும்.

ஹோல்ட்டின் குறி, வலக்காது நுனியில் சாய்வெட்டு. பக்கியின் குறியும் அதேதான், கூடவே இடக்காதின் பின்விளிம்பில் ஒரு சின்னக் கொத்துவெட்டு. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளுக்கு இவ்வளவு ஒட்டின குறி ஆகாது என்று குறிப்பதிவுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே முணுமுணுத்தார்கள். ஒரு கொத்துக் கூடப் போட்டால் ஹோல்ட் ஆடு பக்கி ஆடாகிவிடுமே!

இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் இங்கிமாரின் குட்டிகளுக்குக் குறி போடுவதே ஹால்பெராதான். அவன் குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவள் கத்தியை வைத்துக்கொண்டு அவனைத் திட்டுவாள்.

காலை பத்து மணி இருக்கும். எல்லோரும் ஆட்டு மந்தைக்குள் இடுப்பளவு நின்றோம். அகராதிக்காரரின் செருப்பு அதற்குள் சாணியில் காணாமல் போயிருந்தது. அப்போது டோர்ஃபி ஒரு தாயாட்டின் கொம்பைப் பிடித்தான். ஹோல்ட் குறி. அதன் மடியில் முட்டிக்கொண்டு நின்ற குட்டியின் காதைத் திருப்பினான். பக்கி குறி.

"இது என்னடா கூத்து?" என்றான்.

அடுத்த தாயைப் பிடித்தார்கள். ஹோல்ட். குட்டி பக்கி. அதற்கடுத்ததும் அப்படியே. இங்கிமாரின் அடைப்பில் தாய்கள் நின்று கத்தின, ஹால்பெராவின் அடைப்பில் குட்டிகள் நின்று கத்தின. முப்பத்தெட்டுக் குட்டிகள். ஒன்றுகூட விடவில்லை.

ஹால்பெராவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"ஹால்பெரா, இதுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றான் டோர்ஃபி. குரலில் மலைராஜா இல்லை, வருத்தம்தான் இருந்தது. "ஆட்டை வித்துட்டு ஊரை விட்டுப் போற வருஷம். பக்கத்து வீட்டுக்காரன் குட்டி மொத்தமும் உன் குறியில இருக்கு."

"நான் போடல."

"வருஷா வருஷம் நீதானே அவனுக்குப் போடுற?"

"இந்த வருஷம் போடல! கத்தியை எடுத்துக்கிட்டு ஆத்தைத் தாண்டிப் போனேன். அதுக்கு முன்னாடியே குறி போட்டு மலைக்கு ஓட்டி விட்டுட்டான். என்னை வேண்டாம்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

"யாரு? இங்கிமாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இங்கிமார் தானாவே குறி போட்டானா? அதுவும் முன்கூட்டியே?" என்றார் இன்னொருவர்.

பட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது, அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கதவுக்குக் கீல் போடாதவன், நாய்க்குப் பெயர் வைக்காதவன், முப்பத்தெட்டுக் குட்டியைத் தனியாகப் பிடித்து, காதைத் திருப்பி வெட்டினானாம்! யார் நம்புவார்கள்? ஆனால் சிரிப்பு அடங்கினதும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைக் குடிகாரன் என்று சொல்லலாம், பொய்யன் என்று சொல்லலாம், நாளைக்கு மறந்துவிடுவோம். ஆட்டுத் திருடி என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அது அவள் கல்லறை வரைக்கும் போகும். அந்தச் சொல் அந்த நேரம் எல்லார் நாக்கு நுனியிலும் நின்றது.

நான் இங்கிமாரைத் தேடினேன். பட்டியின் எதிர்ப்பக்கக் கல் சுவர்மேல், கையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான், வருஷா வருஷம் உட்காருகிற அதே இடத்தில். ஆடுகளை முழங்காலால் தள்ளிக்கொண்டு போனேன்.

"டேய், குறி போட்டது நீயா?"

தலையாட்டினான்.

"அப்ப இறங்கி வந்து சொல்லித் தொலை! அவளைத் திருடிங்கப்போறாங்க!"

"நென்னி எக்கி" என்றான்.

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். கையைத் தூக்கியும்விட்டேன். அப்போதுதான் கோப்பையைப் பார்த்தேன். காப்பி தளும்பி அவன் விரலில் வழிந்துகொண்டிருந்தது. கை நடுங்கியது, உதடு வெளுத்திருந்தது. நாற்பது வருஷமாகக் கேட்ட சொல்தான், ஆனால் அவன் அதைச் சொன்னபோது இப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. இந்தப் பாவி சோம்பலில் உட்கார்ந்திருக்கவில்லை, பயத்தில் உட்கார்ந்திருந்தான். எத்தனை புதன்கிழமை இப்படி நடுங்கிக்கொண்டு போனைப் பிடித்திருந்தானோ!

கையை இறக்கி, கோப்பையை வாங்கிக்கொண்டேன். "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றான்.

"சரி. பயந்துக்கிட்டே இறங்கு."

இறங்கினான். ஆடுகளுக்கு நடுவே நடந்தான். ஐந்தாவது ஸ்னாட்டி பின்னாலேயே போனது. இங்கிமார் வேலை நேரத்தில் பட்டிக்குள் நடப்பதைப் பார்த்தே பாதிப் பேர் பிடித்திருந்த கொம்பை விட்டுவிட்டார்கள்.

"குறி போட்டது நான்தான், அவ இல்ல" என்றான்.

டோர்ஃபி பெருமூச்சு விட்டான். ஆள் நல்லவன், வழி பண்ணிக் கொடுத்தான். "பார்க்காம அவ குறியை வெட்டிட்டியா? அடப்பாவி! சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? சரி விடு, தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிக்கலாம். குட்டிகளை உன் அடைப்புக்கு மாத்திக்கலாம்."

தப்பிக்கிற கதவு திறந்து கிடந்தது. 'ஆமாம், தப்பு' என்று ஒரு வார்த்தை போதும். அவள் பெயர் தப்பிக்கும், ஊர் ஒரு வாரம் சிரிக்கும், அவள் அக்குரெய்ரிக்குப் போய்விடுவாள். எல்லோருக்கும் சுலபம். இங்கிமாருக்குச் சுலபம் என்றால் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பாழாய்ப்போனவன் ஆமாம் சொல்லிவிடப்போகிறான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தப்பில்ல" என்றான்.

"என்னது?"

"முப்பத்தெட்டையும் பார்த்துத்தான் வெட்டினேன். வெட்டி முடிக்க மூணு நாள் ஆச்சு. விரலையும் வெட்டிக்கிட்டேன்." இடக்கைக் கட்டைவிரலைக் காட்டினான். தழும்பு இருந்தது.

"ஏன்யா?" என்றான் டோர்ஃபி.

இங்கிமார் அவனைப் பார்க்கவில்லை. ஹால்பெராவைப் பார்த்தான். "ரெண்டு அடைப்பு, ரெண்டு வீடு, ரெண்டு குறி. வருஷா வருஷம் ரெண்டு சுவரைப் பூசணும். எனக்கு ஒண்ணு போதும்னு தோணுச்சு. உன்னோடது." தொப்பியைக் கழற்றினான். "கோடை பூரா உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். போனை எடுப்பேன், வச்சுடுவேன். நீ போகக் கூடாது ஹால்பெரா. நீ போனா எனக்கு ஒண்ணுமே இல்ல."

ஆடுகள்தான் கத்தின.

ஹால்பெரா இரண்டு எட்டில் வந்தாள். கையிலிருந்த கம்பளிக் கையுறையால் அவன் தோளில் ஓர் அடி, இன்னோர் அடி. "மடையா! என்னை ஆட்டுத் திருடி ஆக்கப் பார்த்தியே! பதினோரு வருஷம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"ஆமா" என்றான். வேறென்ன சொல்வான்?

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. அந்தக் கண்ணோடு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து குறிக் கத்தியை எடுத்தாள்.

"எல்லாத்துக்கும் என் குறி போட்டே. ஒண்ணை விட்டுட்டியே. குனி."

இங்கிமார் உண்மையாகவே குனிந்தான்! அவள் அவனுடைய இடக்காதை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கத்தியை மடக்கி இடுப்பில் செருகினாள். காதை மட்டும் விடவில்லை. கிடாயை இழுப்பதுபோல அவனை இழுத்துக்கொண்டு பக்கி அடைப்பை நோக்கி நடந்தாள்.

"டோர்ஃபி, கதவைத் திற. இது என்னுது."

மலைராஜா ஓடிப்போய்த் திறந்தான். பட்டி முழுக்கக் கூச்சல், சிரிப்பு, பாட்டு. அகராதிக்காரர் சாணியில் ஒற்றைக் காலுறையோடு நின்று கைதட்டினார். நோட்டுப் புத்தகத்தை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது, மறைக்கவும் இல்லை. அவன் கோப்பையிலிருந்த ஆறிப்போன காப்பியை நானே குடித்தேன்.

குட்டிகளுக்கு நடுவே, காது சிவக்க நின்றவனிடம் ஹால்பெரா சொன்னாள்: "அக்குரெய்ரிக்குப் போன் போட்டு நான் வரலைன்னு சொல்லணும். நீயே சொல்லிடு."

"நென்னி எக்கி" என்றான் இங்கிமார், பழைய குரலில், பல்லெல்லாம் தெரிய.

அன்று சாயங்காலம், ஆடுகள் வீடு சேர்ந்ததும், கம்பியில் மணி அடித்தது. பின்னல் ஊசியை வைத்துவிட்டு எடுத்தேன். அகராதிக்காரரும் என் தோள்மேல் சாய்ந்து காதைக் கொடுத்தார். அக்குரெய்ரி வேண்டும் என்று இணைப்பகத்தில் கேட்ட குரல் இங்கிமாருடையது. தங்கும் விடுதிக்காரி எடுத்ததும், "ஹால்பெரா வரமாட்டா" என்றான்.

"ஏன்? யார் பேசுறது?"

பன்னிரண்டு வீடும் காத்திருந்தோம்.

"அவ வீட்டுக்காரர்" என்றான்.